மாமனார் பங்கிட்ட மீன்

எங்கள் அருங்காட்சியகத்தைப் பார்க்காமல் யாரும் நிம்மதியாகக் கண்ணை மூடியதில்லை என்பது என் தாழ்மையான கருத்து. ஆற்றங்கரையில், ஒரு காலத்தில் படகுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்த அறைதான் அது. ஒரே அறை. ஆனாலும் நான் சுற்றிக் காட்டினால் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். நிறம் பார்த்து அடுக்கிய கூழாங்கற்கள், வெள்ளத்தில் ஒதுங்கிய பானை ஓடுகள், கண்ணாடிக் குப்பியில் சுருண்ட பாம்புச் சட்டை, பஞ்சடைத்த மீன்கொத்தி ஒன்று. மீன்கொத்திக்கு அலகு விழுந்துவிட்டது. தபால் ஆபீசில் முத்திரை குத்தி ஓய்வு பெற்ற எனக்கு இந்த ராஜ்ஜியம் தானாக வந்து வாய்த்தது. சம்பளம் கிடையாது, ஏன் என்று கேட்க ஆளும் கிடையாது.

வருகிறவர்கள் கூழாங்கல்லுக்காக வருவதில்லை. நடு மேசையில் வாயைப் பிளந்து கிடக்கும் வாளை மீனின் எலும்புக்காக வருகிறார்கள். தலையும், அதை ஒட்டிப் பாதி முதுகெலும்பும். இந்த மீன் உயிரோடு இருந்தபோது கொட்டாவி விட்டால் நாலு படகு வழி தவறி உள்ளே போய்விடும் என்று சொல்வேன். கேட்டவர்கள் அந்த வாயைப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார்கள்.

வால் பாதி அக்கரையில் இருக்கிறது. அங்கேயும் ஓர் அருங்காட்சியகம். அதன் அதிபதி என் சகலை. நில அளவைத் துறையில் இருந்தவர். தும்மினால்கூட எத்தனை அடி போயிற்று என்று டேப்பை எடுத்துவிடுவார்.

எங்கள் மாமனார் இந்த ஆற்றில் படகோட்டியவர். மூத்த மகளை அக்கரையிலும் இளையவளை இக்கரையில் என்னிடமும் கொடுத்தார். எங்களுக்குக் கல்யாணமான புதிதில், பெருவெள்ளத்தில் ராட்சத வாளை ஒன்றைப் பிடித்து, ரம்பத்தால் நடுவில் அறுத்து, தலைப் பாதியை எனக்கும் வால் பாதியைச் சகலைக்கும் அனுப்பினார். தனக்கு ஒரு முள்கூட மிச்சமில்லை என்று சொல்லியும் அனுப்பினார். அந்தத் தியாகத்தில் உருகி நான் அவருக்குக் கம்பளி வாங்கிக் கொடுத்தேன். சகலை டார்ச் லைட் வாங்கிக் கொடுத்தார். கறியைத் தின்று எலும்பைப் பாதுகாத்தோம். அன்றிலிருந்து எந்தப் பாதி உசத்தி என்று சண்டை. மீன் என்றால் முகம்தானே என்பது என் கட்சி. ஆற்றில் நீந்தியது முகமா என்பது அவர் கட்சி.

போன மாதம் நகரத்துப் பெரிய அருங்காட்சியகத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். எலும்புகளையே படித்தவர் என்பதால் எலும்பு டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டோம். இரண்டு பாதியையும் சேர்த்தால் பெரிய கண்ணாடிப் பெட்டி தருவதாகச் சொன்னார். ஆனால் முழு மீனும் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும், அதுவும் கூரை ஒழுகாத இடத்தில்.

எங்கள் கூரை வழியாக எல்லா நட்சத்திரமும் தெரியும். சகலையின் கட்டடம் கான்கிரீட், தரைக்கு டைல்ஸ் வேறு. மீன் எங்கே போகும் என்பதைச் சொல்ல எந்த டாக்டரும் வேண்டியதில்லை. மீன் போனால் எனக்கு மிஞ்சுவது அலகில்லாத மீன்கொத்தி. அதை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் பேச என்னாலேயே முடியாது. மாட்டேன் என்றாலோ, பயந்துவிட்டான் என்று அக்கரை முழுக்கச் சிரிக்கும். ஆகவே நெஞ்சை நிமிர்த்திச் சரி என்றேன்.

சகலையின் பாதி இந்தக் கரைக்கு வராது, என் பாதி அந்தக் கரைக்குப் போகாது என்று ஒரு வாரம் இழுபறி. கடைசியில் ஆற்று நடுவே இருக்கும் மணல் திட்டில் சேர்த்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. இரண்டு படகு, இரண்டு பாதி மீன், ஒரு மேசை, எங்கள் மனைவிமார் அக்கா தங்கை இருவரும். இரண்டு நாட்டு ராஜாக்கள் சந்தித்தால்கூட இவ்வளவு முறைப்பு இருந்திருக்காது.

எலும்பு டாக்டர் இரண்டு பாதியையும் மேசையில் நெருக்கி வைத்தார். அறுபட்ட முனைகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். மறுபடி பார்த்தார். சகலை டேப்பை நீட்டிக்கொண்டு தயாராக நின்றார்.

"இது ஒரு மீன் இல்லைங்க," என்றார் அந்த அம்மா. "ரெண்டு மீன்."

மரத்தில் இருப்பதுபோல மீனின் முதுகெலும்பிலும் வயதுக்கு வளையம் உண்டாம். விளக்கிக் காட்டினார். என் பாதியில் வளையம் கொஞ்சம்தான். சகலையின் பாதியில் அதைப்போல இரண்டு பங்கு.

சகலை என்னைப் பார்த்துச் சிரித்தார். "உங்களோடது சின்னப் பையன் போலிருக்கே, சகலை."

"உங்களோடது பென்ஷன் வாங்கின மீனு," என்றேன். "அதான் நீந்தக்கூட முடியாம வந்து மாட்டியிருக்கு."

என் மனைவி எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். "அக்கா, ரெண்டு மீனுல பாதி பாதி இவங்களுக்கு வந்துச்சு. மீதி ரெண்டு பாதி எங்க போச்சு?"

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "முள்ளுகூட மிச்சமில்லன்னு சொன்னாரே, பாவி மனுஷன்," என்றாள்.

சகோதரிகள் சிரித்த சிரிப்பில் மணல் திட்டு அரை அடி கரைந்துபோயிற்று. எங்களுக்குத்தான் சிரிக்கக் கொஞ்சம் நேரம் ஆனது. மாமனார் போய்ச் சேர்ந்து பல வருஷமாயிற்று. கம்பளியைத் திருப்பிக் கேட்கவும் வழியில்லை.

வேறு வேறு மீனை ஒட்ட முடியாது என்று எலும்பு டாக்டர் கண்ணாடிப் பெட்டிப் பேச்சைக் கைவிட்டார். அவரவர் பாதி அவரவரிடமே இருக்கட்டும் என்றார். தலையை மடியில் வைத்துக்கொண்டு படகில் திரும்பினேன். நான் ஒரு மீனைப் பற்றி இத்தனை வருஷம் அளந்திருக்கிறேன். உண்மையில் இரண்டு என்றால், இதுவரை சொன்னதில் பாதிதான் சொல்லியிருக்கிறேன். இனி சுற்றிக் காட்ட இன்னும் கூடுதல் நேரம் ஆகும்.

மாமனார் வீட்டுப் பின்புறத்தில் வாழைகளுக்கு நடுவே ஒரு குப்பைக்குழி இருந்ததை என் மனைவிதான் நினைவுபடுத்தினாள். என் மீனின் வாலும் சகலை மீனின் தலையும் அதற்குள்ளேதான் கிடக்க வேண்டும். விடிந்ததும் மண்வெட்டியோடு போனேன். எனக்கு முன்பே சகலை அங்கே நின்றார். கிடைக்கிற வால் எனக்கு, தலை அவருக்கு என்று பேசி முடிக்கவே வெயில் ஏறிவிட்டது. இப்போது அவர் முளை அடித்து, கயிறு கட்டி, தோட்டத்தைச் சரிபாதியாக அளந்துகொண்டிருக்கிறார். அளந்து முடிப்பதற்குள் நான் முழுத் தோட்டத்தையும் புரட்டிவிடுவேன்.