ஒரே கம்பெனி மாத்திரை

விஜயராணியின் கண்ணுக்குத் தப்பி ஒரு பீஸ்கூட வெளியே போகாது என்று திருப்பூர் ராயபுரத்தை ஒட்டிய அந்தப் பனியன் கம்பெனியில் ஒரு பேச்சு உண்டு. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்த மறுமாதமே செக்கிங் மேசையில் நின்றவள். பதினாறு வருஷமாக நிற்கிறாள். துணியை ஒரு உதறு உதறினால் போதும், ஓட்டையோ கறையோ அவளிடம் வந்து தானே ஆஜராகிவிடும்.

அதனால்தான் அந்த வியாழக்கிழமை, செக்கிங் சூப்பர்வைசர் சகாயராஜ் ஒரு அட்டைப்பெட்டியை அவள் முன்னால் வைத்துவிட்டு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றான். தூத்துக்குடிக்காரன், அதட்டத் தெரியாதவன்.

"யக்கா, இதக் கொஞ்சம் பாருங்களேன்."

குழந்தைகளின் மஞ்சள் டி-ஷர்ட். எடுத்துப் பார்த்தாள். உடம்பு ஒரு மஞ்சள், கை இன்னொரு மஞ்சள். பத்தடி தள்ளி நின்றாலே தெரிந்தது.

"சரக்கு வாங்குற பையரோட ஆளு பிடிச்சிட்டாருக்கா. நாப்பத்தெட்டு பீஸ். எல்லாத்துலயும் உங்க ஸ்டிக்கர்தான் இருக்கு."

அவளுக்கு முகம் சுண்டிப்போனது. பக்கத்து மேசை மதுமதி எட்டிப் பார்த்து, "ரெண்டும் ஒரே ஷேடு நம்பருதானுங்க்கா. சாயம் போட்ட லாட்டு வேறையாட்ட இருக்குது" என்று சமாதானமாகச் சொன்னாள்.

விஜயராணிக்குத் தெரியும், கோளாறு துணியில் மட்டும் இல்லை. இரண்டு மாதமாக அவள் நின்றுகொண்டே தூங்கினாள். சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வந்தது. அதற்கு முந்தைய இரண்டு மாதம் நேர்மாறாக இருந்தது: நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், துண்டைத் தப்பாக மடித்ததற்காகப் புருஷன் முனீஸிடம் ஒரு ஞாயிறு முழுக்கச் சண்டை போட்டாள். வயசாகிறது என்றான் முனீஸ். அதற்கும் சண்டை போட்டாள்.

மறுநாள் காலை வழக்கம்போல் தைராய்டு மாத்திரையை வாயில் போடப்போனவள், கையை நிறுத்தி அட்டையைப் பார்த்தாள். ஊதா அட்டை. வருஷ ஆரம்பத்தில் வெள்ளை டப்பாவில்தானே வந்தது? நடுவில் பச்சை அட்டை. கடையில் கேட்டதற்கு 'எல்லாம் ஒண்ணுதான்' என்றதால் அவளும் விட்டுவிட்டாள். மதுமதி சொன்னது சட்டென்று ஞாபகம் வந்தது. நம்பர் ஒன்றுதான், லாட்டுதான் வேறு.

மாத்திரையை விழுங்கிவிட்டு நேரே மருந்துக்கடைக்கு நடந்தாள். கடைக்காரர் தங்கவேலு அப்போதுதான் ஷட்டரைத் தூக்கியிருந்தார். அதற்குள் நாலு பேர் நின்றிருந்தார்கள்.

"அண்ணே, எட்டு மாசத்துல மூணு கம்பெனி மாத்திட்டீங்க."

"மருந்து ஒண்ணேதானுங்க அம்மணி. எழுபத்தஞ்சு மைக்ரோகிராம். எது ஸ்டாக் வருதோ அதைக் குடுக்கறமுங்க."

"எங்க கம்பெனியிலயும் ஒரே நம்பருதான்ணே. ஆனா லாட்டு மாறுனா தனியாப் பிரிச்சு வப்போம். நீங்க மூணு லாட்டையும் என் உடம்புக்குள்ள போட்டுத் தச்சுட்டீங்களே!"

நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். தங்கவேலுவும் சிரித்தார். ஆனால் சட்டென்று முகத்தை மாற்றிக்கொண்டு, "அதுக்காக நீங்களா நிறுத்திப் போடாதீங்க. டாக்டரம்மாவைப் பாத்துட்டு வாங்க. அவங்க என்ன எழுதறாங்களோ, அப்படியே குடுத்தர்றனுங்க" என்றார்.

டாக்டர் அனுசுயா ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். நாலரையைத் தாண்டக்கூடாத டி.எஸ்.ஹெச். அளவு ஜனவரியில் இரண்டரையாக இருந்தது, இப்போது ஒன்பது.

"அப்ப அந்த மாத்திரை மட்டமா டாக்டர்?"

"எதுவும் மட்டம் இல்லைம்மா. ஒவ்வொரு கம்பெனி மாத்திரையும் உடம்புல சேர்ற அளவுல கொஞ்சம் வித்தியாசம் இருக்கலாம். தைராய்டு விஷயத்துல சில பேருக்கு அந்தக் கொஞ்சமே போதும். எது சாப்பிட்டாலும் அதையே சாப்பிடணும். மாத்தியே ஆகணும்னா ஆறு, எட்டு வாரம் கழிச்சு டெஸ்ட் பண்ணிப் பாத்துக்கணும். சரி, வெறும் வயித்துலதானே போடறீங்க?"

"ஆமா டாக்டர்."

"அப்புறம் எவ்வளவு நேரம் கழிச்சு டீ?"

விஜயராணி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். "டீ ஆறும்வரைக்கும் டாக்டர்."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, முழுசாக ஒரு மணி நேரம் என்று கண்டித்துச் சொன்னார். அவளுக்கு ஒத்துப்போயிருந்த வெள்ளை டப்பாவின் பெயரையே எழுதி, அடியில் 'வேறு கம்பெனி தர வேண்டாம்' என்று எழுதி ஒரு கோடும் போட்டுக் கொடுத்தார்.

சீட்டைப் பார்த்த தங்கவேலு தலையைச் சொறிந்தார். "வெள்ளை டப்பாங்களா? ஏஜென்சியில பத்து டப்பாவுக்குக் குறைஞ்சு தர மாட்டாங்களே. உங்க ஒருத்தருக்காவ எடுத்தா டேட்டு முடிஞ்சு போயிருமுங்க அம்மணி."

பத்துத்தானே என்று கிளம்பினாள். அன்று மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் எழுந்து நின்று, "தைராய்டு மாத்திரை போடுறவக எல்லாம் கையத் தூக்குங்க" என்றாள். மூன்று நான்கு பேர் இருப்பார்கள் என்று நினைத்தாள். டைலர் பகுதியிலிருந்து பேக்கிங் வரை பதின்மூன்று கைகள் எழுந்தன. கடைசியில், டிபன் பாக்ஸுக்குப் பின்னாலிருந்து, பதினான்காவதாகச் சகாயராஜின் கை.

"நீயுமாப்பா?"

"ரெண்டு வருஷமாக்கா" என்றான், காது சிவக்க.

அவளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அப்ப எல்லாரும் வெள்ளை டப்பாவுக்கு மாறிருங்க. பத்து டப்பா இன்னைக்கே தேறிரும்!"

மதுமதி சாப்பாட்டுக் கையோடு நிமிர்ந்தாள். "ஏனுங்க்கா, மாத்துனதாலதான உங்களுக்கு இத்தனை பாடு? எனக்குப் பச்சை அட்டையில நல்லாத்தான இருக்குது. என்னைய எதுக்கு மாறச் சொல்றீங்க?"

விஜயராணி தன் நெற்றியில் தானே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டாள். "நல்ல வேளை சொன்ன தாயி. உங்களையும் கவுத்துவிடப் பாத்தேன்."

ஒரு ஸ்டிக்கர் தாளின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினாள். யாருக்கு எது, எத்தனை மைக்ரோகிராம், எவ்வளவு நாளாக. பச்சைக்கு ஆறு பேர், ஊதாவுக்கு மூன்று பேர். வெள்ளைக்கு அவளோடு சேர்த்து ஆறு. அந்த ஆறு பேரில் நான்கு பேர் ஆளுக்கு இரண்டு டப்பா வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார்கள். பத்து தேறிவிட்டது.

தாளை வாங்கிப் படித்த தங்கவேலு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். "இத்தனை பேருங்களா! இது தெரிஞ்சிருந்தா முன்னயே எடுத்து வெச்சிருப்பனே. மூணையும் எடுத்தர்றனுங்க. யாருக்கும் மாத்திக் குடுக்கமாட்டன், கவலைப்படாதீங்க."

அடுத்த வாரமே டப்பா வந்துவிட்டது. காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு, டீக்காகக் கடிகாரத்தை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தூக்கம் ஒரேயடியாகப் போய்விடவில்லை; ஐந்தாவது வாரத்தில் ஒரு நாள், பஸ்ஸில் இறங்கும் இடம் வரை விழித்துக்கொண்டே வந்திருப்பது தெரிந்தது. சீப்பில் முடி குறைந்தது.

எட்டு வாரம் முடிந்து ரிசல்ட்டை வாங்கியதும், லேப் வாசலிலேயே நின்று முனீஸுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, வந்துருச்சு. ரெண்டே முக்கால்!"

எதிர்ப்பக்கம் மெஷின் சத்தத்துக்கு நடுவே முனீஸ் கொஞ்சம் யோசித்தான். "எத்தனைக்கு?"

"எத்தனைக்குன்னா?"

"இல்ல புள்ள, நூத்துக்கா, பத்துக்கா? பாஸா, ஃபெயிலா?"

விஜயராணி சிரித்த சிரிப்பில் ஸ்கூட்டரில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"பாஸுதாங்க, நல்ல பாஸு" என்றாள். "இன்னைக்கு ராத்திரிக்குக் கோழி எடுத்துட்டு வாங்க."