கரி கழுவிய பிறகு

தணிகாசலம் எந்த வகுப்புக்குள் நுழைந்தாலும் பிள்ளைகள் சட்டென்று எழுந்து நிற்பார்கள். பாலர் வகுப்பில் மட்டும் ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். அங்கே எல்லோர் கையிலும் ஏதாவது வேலை இருக்கும். பள்ளிக்கூடத்தின் தாளாளரான அவருக்கு அதுவே முதல் வருத்தம்.

அந்தப் புதன்கிழமையும் அப்படித்தான். கொட்டாங்கச்சியில் கட்டிய தராசில் ஒருவன் புளியங்கொட்டை நிறுத்துக்கொண்டிருந்தான். மூன்று பேர் ஈர மணலைக் குவித்து மலைக்குப் படிக்கட்டு வெட்டிக்கொண்டிருந்தார்கள். பூக்காரியின் மகள் மல்லிகா, ஐந்து வயது, வேப்பிலைகளை வாழை நாரில் கட்டி முழம் போட்டு விற்றாள். டீச்சர் யசோதா தரையில் உட்கார்ந்து அவளிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

"யசோதா, கொஞ்சம் எழுந்து வாம்மா."

அவள் புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். தணிகாசலம் அவளுக்குத் தாளாளர் மட்டுமில்லை. கணவன் கோவர்த்தனனின் தாய்மாமன். புத்தூர் விவசாயக் குடும்பத்துப் பெண் சென்னையில் ஒரு வருஷம் பாலர் பயிற்சி முடித்து வந்தபோது, வேலை கொடுத்தவரும் அவர்தான், மருமகனுக்குப் பெண் கேட்டவரும் அவர்தான். இந்த இரண்டு வருஷத்தில் அவர் எதிரில் அவள் குரல் உயர்ந்ததில்லை.

"பிள்ளைங்க ஆடிக்கினே இருந்தா எழுத்து எப்பம்மா வரும்? வெள்ளிக்கிழமை கமிட்டி வருது. திங்கக்கிழமை பெஞ்சு வருது. இந்த மண்ணு, கொட்டாங்கச்சி எல்லாத்தையும் எடுத்துடு. பலகை, பலப்பம், வரிசையா உக்காந்து எழுதணும்."

"மாமா, இதுங்களுக்கு அஞ்சு வயசுதான்..."

"அஞ்சு வயசுல நான் ஆத்திசூடி சொன்னேன். திருத்தணி அந்தப் பக்கம் போகுது, சத்தியவேடு இந்தப் பக்கம் வருதுன்னு ஊரே பேசிக்கினு கீது. ஆந்திரா, மெட்ராஸ் எல்லை முடிவானா திருப்பதியில தமிழ்ப் பள்ளிக்கூடம் எதுக்குன்னு ஒருத்தன் கேப்பான். காட்டறதுக்கு நாலு பலகை எழுத்து வேணாமா?"

அவர் பயம் அவளுக்குப் புரிந்தது. அதனாலேயே சரி என்று தலையை ஆட்டினாள். அவர் போனபின், ஆட்டியிருக்கக் கூடாது என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை காலையில் பிள்ளைகளை எதையும் செய்யச் சொல்லவில்லை அவள். அந்த வகுப்பின் வழக்கம் அது: விளையாட்டைப் பிள்ளைகள்தான் ஆரம்பிப்பார்கள், பாதியில் யாரும் கலைக்கக் கூடாது, டீச்சரும்தான். அன்று அவர்கள் ஆரம்பித்தது ஊர் அம்மன் திருவிழாவான கங்கம்மா ஜாத்திரை.

ஜாத்திரை முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பார்த்ததெல்லாம் பிள்ளைகளின் கண்ணில் அப்படியே நின்றது. களிமண்ணைப் பிசைந்து சுவரோரம் அம்மனின் பெரிய முகம் ஒன்று செய்தார்கள். கண்ணுக்குப் புளியங்கொட்டை. "பல்லு எத்தனை?" என்று ஒரு சண்டை வந்து, ஒருவர் வாயை ஒருவர் திறக்கச் சொல்லி எண்ணிப் பார்த்துத் தீர்த்துக்கொண்டார்கள். கரி வேண்டுமென்று ஆயம்மா ரத்தினம்மாவிடம் போய் நின்றார்கள். அவள் அடுப்பிலிருந்து ஆறின கரியாகப் பார்த்து ஒரு முறம் கொடுத்துவிட்டாள்.

"இன்னா ரத்தினம்மா, இன்னிக்குப் பார்த்தா கொடுப்பே?" என்றாள் யசோதா.

"ஆத்தா வேஷத்துக்குக் கேட்டா இல்லேன்னா சொல்லுவாங்க? அப்புறம் எனக்குத்தான் அம்மை போடும்."

கமிட்டிக்காரர்கள் இருவரோடு தணிகாசலம் வாசலுக்கு வந்தபோது, முகமெல்லாம் கரியும் இடுப்பெல்லாம் வேப்பிலையுமாக இருபத்திரண்டு பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்தார்கள். அவர் வாயைத் திறந்தார். சுவரோரம் இருந்த முகத்தைப் பார்த்தார். யோசிக்காமலே செருப்பைக் கழற்றினார். பின்னால் வந்த இருவரும் கழற்றினார்கள்.

திருப்பதியில் பிறந்தவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜாத்திரையில் வேஷம் கட்டினவர் யாரை வேண்டுமானாலும் வாய்க்கு வந்தபடி திட்டலாம். திட்டு வாங்கினவர், அவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், கோபப்படக் கூடாது. கும்பிட்டுவிட்டு நகர வேண்டும். கோபப்பட்டால் அது அம்மன் மேல் கோபப்பட்டதாகும். தணிகாசலமே வேண்டுதலுக்காகச் சின்ன வயதில் ஐந்து வருஷம் வேஷம் கட்டியவர்.

மல்லிகா வேப்பங்குச்சியை நீட்டிக்கொண்டு நேராக அவரிடம் வந்தாள்.

"டேய் பெஞ்சுக்காரா! உன் மூக்கு பூசணிக்கா. உன் தலை சொரைக்கா. எங்க மண்ணை எடுத்தீன்னா உன்னைக் குப்பை வண்டியில ஏத்திடுவேன். போடா!"

கமிட்டிக்காரர்களில் ஒருவர் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தணிகாசலம் கைகூப்பினார், ஆனால் கண் யசோதாவைத் தேடியது. அந்தப் பார்வையில் திங்கட்கிழமை வரப்போகும் பெஞ்சு இருந்தது.

மல்லிகா திரும்பி வந்து, யசோதாவைக் குனியச் சொல்லி, கன்னம் இரண்டிலும் கரியை இழுத்தாள். "நீயும் திட்டு டீச்சர். எல்லாரும் திட்டணும். அதான் ஆட்டம்."

பிள்ளைகள் காத்திருந்தார்கள். விளையாட்டைக் கலைக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். யசோதா நிமிர்ந்தாள். ஒரு வேப்பங்கொத்தை எடுத்துக்கொண்டு மாமனாருக்குச் சமமான அந்த மனிதருக்கு நேரே போய் நின்றாள்.

"ஏய் தணிகாசலம்!" அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "கண்ணு ரெண்டும் எங்க வச்சிக்கினு வந்தே? இந்தப் பொண்ணு முப்பது முழம் எண்ணி விக்கறா. யாராவது பிரம்பு காட்டினாங்களா? அந்தப் பையன் எது கனம், எது லேசுன்னு நீ சொல்றதுக்கு முன்னாடி கையால சொல்லுவான். தமிழ்ப் பிள்ளையும் தெலுங்குப் பிள்ளையும் ஒரே மண்ணுல படி வெட்டுது. கலெக்டர் ஆபீஸ்ல உக்காந்துக்கினு எல்லைக்காக நீங்க எல்லாம் வருஷக்கணக்கா அடிச்சுக்கிறீங்க. உனக்குப் பலகை வேணுமா? உன் பயத்துக்கு இதுங்க கையைக் கட்டணுமா? பெஞ்சைக் கொண்டாந்து உன் வீட்டுக் கூடத்துல போடு. நீயே உக்காந்து எழுது. தப்பா எழுதினா நான் வந்து முட்டி போட வைக்கிறேன்."

பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். ரத்தினம்மா கதவுக்குப் பின்னால் மறைந்துகொண்டாள். தணிகாசலத்தின் முகம் கறுத்துச் சிவந்து மறுபடி கறுத்தது. அவர் களிமண் முகத்தைப் பார்த்துக் கும்பிட்டார், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு யசோதா குழாயடியில் முகம் கழுவினாள். கரி லேசில் போகவில்லை.

"தப்பிச்சீங்கம்மா," என்றாள் ரத்தினம்மா, துண்டை நீட்டி. "அவர் ஆத்தாவுக்குப் பயந்தவர். ஆத்தா வாக்குன்னு நினைச்சுக்கினு பெஞ்சை நிறுத்திடுவாரு. நீங்க ஒண்ணும் பேசாதீங்க. வாயை மூடிக்கினு இருங்க."

அதுதான் சுலபமான வழி. யசோதா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே யோசித்தாள். ஆத்தா சொன்னதால் மண் மிஞ்சியது என்றால், அடுத்த வருஷம் வேறு யாராவது வேறு எதையாவது ஆத்தா சொன்னாள் என்பார்கள். அப்போது இந்தப் பிள்ளைகளுக்காகப் பேச அவளிடம் என்ன இருக்கும்?

அவள் தாளாளர் அறைக்குப் போனாள். அவர் கணக்குப்பிள்ளையை அனுப்பிவிட்டுத் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"பெஞ்சுக்காரனுக்கு வேணாம்னு ஆள் அனுப்பலாம்னு இருக்கேன்," என்றார், அவளைப் பார்க்காமல். "அம்மன் வாக்கு."

"இல்ல மாமா. பேசினது நான்தான். மூஞ்சி கழுவிட்டுத்தான் வந்திருக்கேன். இப்பவும் அதையே சொல்றேன். மரியாதையா சொல்றேன், அவ்ளோதான் வித்தியாசம். இந்த வகுப்புக்குப் பெஞ்சு வேணாம்."

அவர் எதிரில் இருந்த கணக்குப் புத்தகத்தை மூடினார். பேசியபோது குரல் தணிந்திருந்தது; அது இன்னும் பயமாக இருந்தது.

"அப்போ கமிட்டி முன்னாடி, என் பேரைச் சொல்லி, நீதான் திட்டினே."

"ஆமா மாமா."

"பெஞ்சு திங்கக்கிழமை வரும்."

"வரட்டும். வாசப்படியில நான் உக்காந்திருப்பேன். என்னைத் தாண்டித்தான் உள்ள போகணும்."

சனிக்கிழமை மாலை சித்தூர் பஸ்ஸில் கோவர்த்தனன் வந்தான். கலெக்டர் ஆபீஸில் எல்லை வரைபடங்களுக்குப் பிரதி எடுக்கும் வேலை அவனுக்கு. வாரம் முழுக்கக் கோடு, சனிக்கிழமை மட்டும் மனைவி. அவள் சொல்லி முடிக்கும் வரை காப்பியைத் தொடாமல் கேட்டான்.

"மாமாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டியா?"

"கூப்பிட்டேன்."

"எங்கம்மாகூட அவரை அப்படிக் கூப்பிட்டதில்ல. கூடப் பிறந்த அக்கா."

"கோவமா?"

"பொறாமை," என்று சொல்லி ஆறின காப்பியை ஒரே வாயில் குடித்தான். ராத்திரி முழுவதும் அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மாமனா மனைவியா என்று வந்தால் அவன் என்ன செய்வான் என்பது அவளுக்குத் தெரியாது.

திங்கட்கிழமை எட்டு மணிக்குப் பெஞ்சு ஏற்றிய மாட்டுவண்டி பள்ளிக்கூடத்து வாசலில் நின்றது. யசோதா பாலர் வகுப்பின் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் இதுவும் ஒரு ஆட்டமென்று நினைத்து அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். வண்டிக்காரன் தலையைச் சொறிந்தான். தணிகாசலம் வந்து நின்றபோது, படியின் மறு ஓரத்தில் வேட்டியை மடித்துக்கொண்டு கோவர்த்தனனும் உட்கார்ந்தான். காலை பஸ்ஸுக்குப் போகிறேன் என்று கிளம்பியவன்.

"உனக்கு ஆபீஸ் இல்லையாடா?"

"லீவு மாமா."

"எதுக்கு லீவுன்னு எழுதப் போறே?"

"குடும்பத்துல எல்லைத் தகராறுன்னு."

வண்டிக்காரன் சிரித்துவிட்டான். தணிகாசலம் சிரிக்கவில்லை. அவர் யசோதாவைத்தான் பார்த்தார்.

"எத்தனை நாள் இப்படி உக்காருவே?"

"வண்டி எத்தனை நாள் நிக்குதோ, அத்தனை நாள்."

"அன்னிக்கே ஆத்தான்னு விட்டிருந்தா உனக்கு இந்த வேலை மிச்சம். நானே நம்பிட்டேன்."

"தெரியும் மாமா."

"தெரிஞ்சுமா வந்து சொன்னே?" அவர் மூக்கால் ஒரு பெருமூச்சு விட்டார். பொய் சொல்லத் தெரியாதவளோடு என்ன செய்வது என்பது போல வண்டிக்காரன் பக்கம் திரும்பினார். "மேல் வகுப்புக்குக் கொண்டு போப்பா. அங்க நாலு பெஞ்சு கால் உடைஞ்சு கிடக்கு."

மாடுகள் நகர்ந்தன. அவர் இரண்டடி போய் நின்றார். "தை மாசம் கமிட்டியைத் திரும்பக் கூட்டிக்கினு வருவேன். பார்ப்பாங்க."

"வாங்க. ஆனா செருப்பைக் கழட்டிட்டு, கீழ உக்காந்து பார்க்கணும். நின்னுக்கினு பார்த்தா இங்க ஒண்ணும் தெரியாது."

அவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்துவிட்டு வண்டிக்குப் பின்னால் நடந்தார். யசோதா எழுந்து வழி விட்டாள். பிள்ளைகள் மண்ணை நோக்கி ஓடினார்கள்.