நிலை உறுதியாக உள்ளது

மடவார் வளாகத் தெருவில், தன் வீட்டு வாசலில் நின்ற ராணுவ வண்டியை வெள்ளைத்தாய் நண்பகலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அதனுள், கொடி போர்த்திய பெட்டியில், எல்லைப் போரில் இறந்த அவள் மகன் பாண்டிதுரை கிடந்தான். இருட்டிய பின் பிணம் எடுப்பது அவர்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. பொழுதோ சாயத் தொடங்கியிருந்தது. ஆனால், அமைச்சர் வந்து முதல் மாலையை வைக்கும்வரை பெட்டியை இறக்கக்கூடாது என்று காவலுக்கு நின்ற அதிகாரி சொல்லிவிட்டார். அமைச்சர் ராஜபாளையத்தில், ஓரடி நிலத்தையும் இழக்கவில்லை என்று முழங்கும் வெற்றிக் கூட்டத்தில் இருந்தார்.

“பெட்டிய இறக்கவும் அவிய வரணுமாக்கும்? அப்ப ஒப்பாரியையும் அவியளே வைக்கட்டும்” என்றாள் பக்கத்து வீட்டுப் பெத்தம்மாள்.

வெள்ளைத்தாய், பெட்டியுடன் வந்திருந்த சிப்பாய் ஜெபினிடம் கேட்டாள்.

“எம்மவன் எப்படிய்யா செத்தான்?”

ஜெபின் குரலைத் தாழ்த்தினான். “குண்டு மழையா விழுந்துச்சும்மா. பின்வாங்கணும்னு கேப்டன் கேட்டாரு. முன்னன்னா அவரே முடிவெடுப்பாரு. போன வருசம் எல்லையில ஒரு காவல் போஸ்ட்ட விட்டுட்டு வந்தது டிவியில சிரிப்பாச் சிரிச்சுப்போச்சு. அதுலருந்து நாட்டோட பெரிய தலைவரக் கேக்காம யாரும் நகரக்கூடாது.”

“கேட்டியளா?”

“கேட்டோம். நான் தலைமையகத்துல வயர்லெஸ்ல இருந்தேன். எல்லாம் என் காது வழியாத்தான் போச்சு. ‘தாங்க முடியாது’ன்னு வந்தத மேலதிகாரி ஒருத்தர் ‘சிரமம்’னு மாத்துனாரு. அடுத்தவர் ‘நிலை உறுதியாக உள்ளது’ன்னு அனுப்பச் சொன்னாரு. தலைவர்கிட்ட கெட்ட சேதி சொல்லி வேலைய இழந்தவங்க எம்புட்டோ பேரு. உறுதியா இருக்குன்னா, இன்னும் நில்லுன்னுதானம்மா உத்தரவு வரும்?”

“பொறவு?”

“தலைவர்கிட்டருந்து பாராட்டு வந்துச்சு. வாசிச்சாக் கேக்க அங்க ஆள் இல்ல.”

அப்போது அதிகாரி கைபேசியில் பேசுவது அவள் செவியில் விழுந்தது. “ஒண்ணும் அவசரமில்லைங்க சார். குடும்பத்தார் அமைதியாக் காத்திருக்காங்க. நிதானமா வரட்டும்.”

வெள்ளைத்தாய் எழுந்தாள்.

“கதவத் தொறப்பா.”

ஜெபினின் கை தாழ்ப்பாளுக்குச் சென்றது. கண்கள் அதிகாரியைத் தேடின.

“அங்கயும் இப்படித்தான் பாத்துக்கிட்டே இருந்தியா?”

தாழ்ப்பாள் விலகியது. தெரு ஆண்கள் பெட்டிக்குத் தோள் கொடுத்தனர். கூடாது, கூடாது என்று கூவிய அதிகாரியை ஒருவரும் பொருட்படுத்தவில்லை.

பெட்டி தெருமுனையைக் கடக்கும்போது அதிகாரியின் கைபேசி மீண்டும் ஒலித்தது. காலி வண்டியருகே நின்று, சட்டையைச் சரிசெய்துகொண்டு, அவர் பணிவாகச் சொன்னார்:

“எல்லாம் அப்படியே தயாரா இருக்குங்க சார்.”