கல்வெட்டின் கடைசிப் பந்தி

அலாரம் அடித்தது. மிதுனன் அதை நிறுத்தினான். கட்டிலின் இடப்பக்கத்தால் எழும்பினான். வலப்பக்கத்துப் போர்வை குலையவில்லை. அதைச் சரிசெய்கிற வேலை மிச்சம். கேத்திலில் தண்ணீர் வைத்தான். பல் தீட்டினான். கோப்பைக்குள் தேயிலைப் பையைப் போட்டான். சீனி போட மறந்து, நினைவு வந்த பிறகும் போடாமலே குடித்தான். பல்கனிக் கதவின் கண்ணாடி பனியால் வெளிறியிருந்தது. கீழே கென்னடி வீதியில் பனி உருக உப்புத் தூவுகிற லொறி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. சப்பாத்தைப் போட்டு, ஜாக்கெட்டுக்குள் ஒரு கையை விட்ட பிறகுதான் அன்றைக்குச் சனிக்கிழமை என்பது உறைத்தது. மார்க்கம் நகரில் அவன் வேலை செய்கிற அலுவலகம் பூட்டு. கையை வெளியே எடுத்தான். திரும்பவும் கேத்திலைப் போட்டான்.

சனிக்கிழமை என்றால் மாமி போனில் கூப்பிடுவார். மாமி என்றால் அவன் மனைவி மயூரியின் தாய், மங்கையற்கரசி. அஜக்ஸ் நகரில் மகனோடு இருக்கிறார். சாப்பிட்டீரா, குளிருக்குத் தொப்பி போடுகிறீரா என்று தொடங்கிக் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்பார். மயூரியின் முதல் வருட ஆட்டத்திவசம் நெருங்குகிறது. இந்தமுறை கல்வெட்டு சரியாக வரவேண்டும். மயூரி கடைசியாக என்ன சொன்னவள்?

யோசித்துச் சொல்லுகிறேன் மாமி என்பான் மிதுனன். ஏறக்குறைய ஒரு வருடமாக யோசித்துக்கொண்டிருந்தான்.

யோசிக்க அதில் ஒன்றுமில்லை. போன மார்ச் மாதம் மயூரி வேலைக்குப் போகிற வழியில் பஸ் தரிப்பிடத்தில் விழுந்தாள். மூளைக்குள் ஒரு இரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். பிறகு அவள் கண் திறக்கவில்லை, வாய் திறக்கவில்லை. அன்றைக்குக் காலை அவன் வீட்டை விட்டு இறங்கும்போது கதவடியில் சொன்னதுதான் அவளுடைய கடைசிச் சொல். கேட்டவன் அவன் ஒருவன். செத்தவீட்டில் எடுத்துச் சொல்ல முடியாத அளவுக்கு அது சின்ன விஷயம். அதனால் அப்போது சொல்லவில்லை. பிறகு அவளுடைய உடுப்பு அஜக்ஸுக்குப் போனது. நகை அவள் தம்பியின் மனைவியிடம் போனது. படங்கள் எல்லாருடைய போனிலும் இருந்தன. பங்கு போகாமல் அவனிடம் எஞ்சியது அந்த ஒரு பேச்சுத்தான். அதையும் கொடுத்துவிட்டால் அது ஊர்க்கதை. ஆளுக்கு ஆள் சொல்லி ஐயோ பாவம் என்பார்கள். சிலர் சிரிக்கவும் செய்வார்கள்.

கல்வெட்டு என்பது யாழ்ப்பாணத்தாருக்குச் செத்தவரின் பெயரில் அடிக்கிற சின்னப் புத்தகம். முன்பக்கத்தில் படம், உள்ளே வாழ்க்கை வரலாறு, அதற்குப் பின்னால் தேவாரம், திருவாசகம், நன்றி நவிலல். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து சாப்பாட்டுக்கு இருக்கும்போது ஆளுக்கொன்று கையில் கொடுப்பார்கள். ரொறன்ரோவுக்கு வந்த பிறகும் அது நிற்கவில்லை. வழுவழுப்பான தடித்த தாளில் இன்னும் வடிவாக வந்தது. ஒருவரும் அதைத் திரும்ப வாசிப்பதில்லை. ஒருவரும் எறிவதுமில்லை. தேவாரம் இருக்கிறது, செத்தவரின் முகம் இருக்கிறது, எப்படி எறிவது? ஸ்காபரோவில் எந்தத் தமிழ் வீட்டிலும் ஏதோ ஒரு மேசை லாச்சிக்குள் ஒரு கட்டு கிடக்கும்.

மயூரியின் கல்வெட்டை எழுதியவர் செந்தில்நாதன் அங்கிள். வேலையிலிருந்து இளைப்பாறிய மனிதர், சொந்தத்துக்குள் யார் செத்தாலும் அவர்தான் எழுதுவார். அவருடைய கம்பியூட்டரில் ஒரு கல்வெட்டு நிரந்தரமாக இருந்தது. ஆள் போகப் போக ஊரும் பேரும் மாறும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். மயூரிக்கு அவர் பிறந்த இடத்தை மாற்றினார், படித்த பள்ளிக்கூடத்தை மாற்றினார், கணவன் பெயரைப் போட்டார். சாவைச் சொல்லுகிற கடைசிப் பந்திக்கு வரும்போது களைத்துப்போனார் போலிருக்கிறது. அதற்கு முதல் மாதம் போய்ச்சேர்ந்த ஒரு முதியவரின் பந்தி அப்படியே அச்சுக்குப் போனது. ‘பேரப்பிள்ளைகளின் மழலையைக் கண்குளிரக் கண்டு, நிறைவாழ்வு வாழ்ந்து, முருகா முருகா என உச்சரித்தபடி இறைவனடி சேர்ந்தார்.’

மயூரிக்கு இருபத்தொன்பது வயது. அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

அந்தியேட்டி மண்டபத்தில் பாதிப்பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் ஒரு மனுசி வாசித்துப்போட்டு, இதென்ன, மயூரிக்குப் பேரப்பிள்ளையோ என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். ஒரு மேசையில் சிரிப்பு வந்து அடங்கியது. மாமி எழும்பினார். மேசை மேசையாகப் போய், சாப்பாட்டுத் தட்டுகளுக்குக் கீழே இருந்ததைக்கூட இழுத்தெடுத்து, எல்லாவற்றையும் பெட்டிக்குள் போட்டார். அழவில்லை. மிதுனனும் அழவில்லை. அவன் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பெட்டிகளை யார் வைத்திருப்பது என்று ஒரு பேச்சு நடந்தது. ஒருவருக்கும் வீட்டில் வைக்க விருப்பமில்லை. குப்பையில் போடலாம் என்று சொல்லவும் ஒருவருக்கும் வாய் வரவில்லை. கடைசியில் அவை டோர்செட் பார்க்குக்கு, மிதுனனின் அப்பார்ட்மென்டுக்கு வந்தன. மயூரி வேலை செய்த மேசைக்குக் கீழே அடுக்கினான். அங்கேதான் இடம் இருந்தது.

அவள் அந்த மேசையில் புத்தகம் செய்வாள். எழுதுவதில்லை, செய்வது. சீரியல் பெட்டி அட்டைக்குப் பழைய சேலைத் துண்டு ஒட்டினால் மட்டை. கையில் கிடைத்த தாளெல்லாம் உள்பக்கம். கடை விளம்பரம், பேக்கரியில் பாண் சுற்றித் தந்த தாள், கலியாணக் கார்ட், தேயிலைச் சாயத்தில் நனைத்துக் காயவைத்த வெறுந்தாள். நாலைந்து தாளை ஒன்றாக மடித்துக் கரண்டிக் காம்பால் அழுத்தித் தேய்ப்பாள். மடிப்பில் ஊசியால் துளை போட்டு, மெழுகுதிரியில் இழுத்த நூலால் தைப்பாள். பிறகு அதற்குள் நிறம் பூசுவாள், படம் ஒட்டுவாள், அன்றைக்குப் பார்த்த ஏதாவது ஒரு காட்சியைப் பென்சிலால் கீறுவாள். ஒரு பக்கத்தில் பஸ் டிரைவரின் பின்கழுத்து மட்டும் இருந்தது. சனிக்கிழமைகளில் கீழ்த்தளத்துப் பார்ட்டி றூமில் கட்டடத்துப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தாள்.

அவளுக்கு மிகவும் பிடித்த தாள் கல்வெட்டுத் தாள். மற்ற வீடுகளின் லாச்சிகளில் கிடந்ததைக் கேட்டு வாங்கி வருவாள். மழமழப்பில் நிறம் பிடிக்காது; அதனால் முதலில் வெள்ளைப் பூச்சு ஒன்று அடித்துக் காயவிட வேண்டும். மெல்லியதாக அடித்தால் அடியில் இருக்கிற எழுத்து கொஞ்சம் தெரியும். அது தெரிந்தால்தான் நல்லது என்பாள். செத்த ஆக்களின் புத்தகத்தை வெட்டுகிறாய், உனக்கு விசரோ, வீட்டுக்குக் கூடாது என்று மாமி போனில் பேசுவார். அவள் செத்த பிறகு மாமி அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க அவர் எவ்வளவு பாடுபட்டார் என்பது மிதுனனுக்குத் தெரிந்தது.

அன்றைக்கு மாமியின் போனுக்கு முதல் ரோகிணி அக்கா கதவைத் தட்டினார். மூன்று மாடி கீழே இருக்கிறவர், முதியோர் இல்லத்தில் வேலை. மயூரிக்குப் பிறகு சனிக்கிழமை வகுப்பை இழுத்துக்கொண்டு போகிறவர் அவர்தான். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடி மேசைக்குக் கீழே எட்டிப் பார்த்தார்.

“எங்களுக்குக் கடதாசி முடிஞ்சு போச்சு. உம்மட வீட்டில பெட்டி பெட்டியா நிக்குது.”

“அது கல்வெட்டு, அக்கா.”

“தெரியும். அவள் இருந்திருந்தால் உந்தக் கடதாசியை இவ்வளவு நாள் விட்டு வைச்சிருப்பாளே?”

மிதுனன் யோசித்தான். விட்டு வைத்திருக்க மாட்டாள். தன்னுடையது என்பதற்காக நல்ல தாளை வீணாக்குகிற ஆள் இல்லை அவள். கொண்டுபோங்கோ என்றான். பெட்டி பாரம். அவனே லிஃப்டில் ஏற்றிக் கீழே கொண்டுபோனான். கொண்டுபோன பிறகு திரும்பி மேலே போவதற்கும் ஒரு காரணம் தேவைப்பட்டது. அது கிடைக்காததால் ஒரு கதிரையில் இருந்தான்.

வகுப்புக்கு வந்த பெண்கள் பெட்டியைத் திறந்தார்கள். மேல் வரிசை முழுவதும் மயூரி. ஒரே சிரிப்பு, ஒரே பச்சைச் சேலை, திரும்பத் திரும்ப. அங்கிருந்தவர்களில் கத்தரிக்கோல் எடுக்க ஒருவருக்கும் கை வரவில்லை. ரோகிணி அக்காதான் முகமுள்ள மட்டைகளைக் கழற்றி ஒரு பக்கமாகக் குப்புற அடுக்கினார். உள்தாளைத்தான் எடுக்கிறோம், அவளுக்கு நோகாது என்றார். பிறகு வேலை நடந்தது. பூச்சு வாளி திறந்தது. தாள்கள் மேசையில் பரவின. அதற்குள் ஒருத்தி படம் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டுவிட்டாள். அந்தப் படம் நாலு கை மாறி அஜக்ஸுக்குப் போய்ச் சேர்ந்ததை ஒருவரும் அறியவில்லை. அன்றைக்கு மாமியின் போன் ஏன் வரவில்லை என்று மிதுனன் நினைத்தான். அவ்வளவோடு விட்டுவிட்டான்.

முதல் அடுக்குக் காய்ந்துகொண்டிருக்கும்போது கதவு திறந்தது. மாமி. பனிச்சப்பாத்தோடு, தலையில் சால்வையோடு. பின்னால் கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு செந்தில்நாதன் அங்கிள். நானூற்றியொன்றாம் நெடுஞ்சாலையில் வழுக்க வழுக்க ஓட்டிக்கொண்டு வந்த களைப்பு முகத்தில். கக்கத்தில் ஒரு பைல். புதிய கல்வெட்டுக்கு எழுதிப் பார்த்தது.

ரோகிணி அக்கா தூரிகையை மறைக்கவும் இல்லை, வைக்கவும் இல்லை. மிதுனன் எழும்பி, நான்தான் குடுத்தனான் மாமி என்றான். ஏச்சு விழப்போகிறது, விழுந்து முடியட்டும் என்று நின்றான்.

மாமி அவனைப் பார்க்கவில்லை. மேசையைச் சுற்றிப் போனார். ஒவ்வொரு தாளாகக் குனிந்து பார்த்தார். குப்புறக் கிடந்த மட்டைகளில் ஒன்றைத் திருப்பிப் பார்த்து, பழையபடி குப்புற வைத்தார்.

“எந்தப் பக்கத்தை உதில பூசுறியள்?”

எல்லாப் பக்கமும்தான் என்றார் ரோகிணி அக்கா.

மாமி சால்வையை அவிழ்த்தார். கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார். பெட்டிக்குள் கையை விட்டு ஒரு புத்தகத்தை எடுத்து, பக்கம் தேடிக் கிழித்தார். கடைசிப் பந்தி இருந்த பக்கம். தூரிகைக்குக் கை நீட்டினார். அங்கிளுக்கு அது பொறுக்கவில்லை. மற்றப் பக்கத்தில் தேவாரம் இருக்கு, கொஞ்சம் யோசிச்சுச் செய்யுங்கோ என்று மெதுவாகச் சொன்னார்.

“தேவாரம் கிடக்கட்டும், அண்ணை. நீங்கள் எழுதினதைத்தான் பூசவேணும்.”

யாரோ ஒருத்தி இருமுவதுபோல் சிரித்தாள். அங்கிள் பைலைக் கக்கத்துக்குள் இன்னும் இறுக்கிக்கொண்டு சுவரோரக் கதிரை ஒன்றில் இருந்தார்.

மாமி பூசினார். பழக்கமில்லாத கை, தடிப்பாகவும் மெல்லியதாகவும் மாறி மாறி விழுந்தது. பேரப்பிள்ளைகள் மறைந்தார்கள். நிறைவாழ்வு மறைந்தது. முருகா மட்டும் ஒரு இடத்தில் லேசாகத் தெரிந்தது. அதை விட்டுவிட்டு அடுத்த புத்தகத்தை எடுத்தார். கிழித்தார், பூசினார், தள்ளிவைத்தார். பிறகு அடுத்தது. மிதுனன் பக்கத்தில் போயிருந்து கிழித்துக் கொடுக்கத் தொடங்கினான். மேசையில் அந்த ஒரே பக்கம் வெள்ளை வெள்ளையாய் நீண்டுகொண்டு போனது. மற்றப் பெண்கள் தங்கள் வேலைக்குத் திரும்பினார்கள். ஒருத்தி நூலை மெழுகுதிரியில் இழுத்தாள். மைக்ரோவேவில் யாரோ தேத்தண்ணி சூடாக்கினார்கள்.

கொஞ்ச நேரத்தில் அங்கிள் துணிந்து வாய் திறந்தார். பிழை தன்னுடையது, அதனால்தான் திரும்ப எழுதினேன் என்றார். எல்லாம் சரி, கடைசிப் பந்தி மட்டும் வெறுமையாக இருக்கிறது. தெரியாவிட்டால் அமைதியாக இறையடி சேர்ந்தார் என்று போடலாம், பொதுவாக எல்லாருக்கும் பொருந்தும் என்றார்.

“வேண்டாம்,” என்றார் மாமி. “இனி அடிக்கவே வேண்டாம். கல்வெட்டும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்.”

தூரிகையை வாளி விளிம்பில் வைத்தார். விரல்களில் வெள்ளை காய்ந்து வெடித்திருந்தது. மிதுனன் பக்கம் திரும்பினார். போனில் கேட்கிற குரல் இல்லை அது. அதில் திவசமும் இல்லை, சபையும் இல்லை.

“அவள் சொன்னதை எழுதுறதுக்காக நான் கேக்கேல்லைத் தம்பி. உந்த அண்ணை எழுதினதைத்தான் நான் ஒரு வருசமா மனசில வைச்சிருக்கிறன். பொய்யெண்டு தெரியும். ஆனால் என்னட்டை வேற இல்லை.”

மிதுனன் தன் கையிலிருந்த தாளைப் பார்த்தான். அவன் நினைத்திருந்தது வேறு. மாமிக்கு ஏதோ பெரிதாக வேண்டும், சொன்னால் ஏமாந்துபோவார், இதுதானா என்று கேட்பார் என்று ஒரு வருடமாக நினைத்திருந்தான். இப்போதும் அப்படிக் கேட்கக்கூடும். ஆனால் அவனிடம் ஒன்றாவது இருந்தது. மாமியிடம் வேறொருவரின் சாவுதான் இருந்தது. தாயைப் பட்டினி போட்டுவிட்டு அவன் அதை வைத்துக்கொண்டிருந்தான். அதுவும் தேய்ந்துகொண்டுதான் வந்தது. சில காலைகளில் அவளுடைய குரல் வரவில்லை, சொற்கள் மட்டும் வந்தன.

அவன் குரலைத் தணித்தான். மேசையின் அந்த மூலைக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு. முருகனைக் கூப்பிடவில்லை மாமி, உங்களையும் கேட்கவில்லை, என்னிடமும் அன்பாக ஒன்றும் சொல்லவில்லை என்று முதலில் சொன்னான். மாமி தலையாட்டினார். நான் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தேன், அவள் தலைமயிர் வாரிக்கொண்டு கதவடிக்கு வந்தாள், நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை என்றான். மாமி அதற்கும் தலையாட்டினார். பிறகு அவன் அதை அவள் சொன்னமாதிரியே, அவள் இழுத்த இடத்தில் இழுத்துச் சொன்னான்.

“வரேக்கை பாண் வாங்காதேங்கோ, என்ன... வீட்டில கிடக்கு.”