தவசி வீட்டுக்கு எழுதிய ஐந்நூற்றொன்று

அன்று கூடலூர் வீட்டில் தொட்டிலில் கிடந்த பேரனைத் தவிர இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் மனைவி மொக்கம்மாள், மகன் ராக்கையா, மருமகள் சுப்புத்தாய். ஐந்தாவதாக ஓர் ஆள் இருந்து பஞ்சாயத்துப் பேசியதாகச் சொல்கிறவர்கள் அங்கே இல்லாதவர்கள்.

எழுபத்தெட்டாம் வருஷம் மாசி மாதம். நெல் விற்ற மூவாயிரம் ரூபாய் என் மடியில் இருந்தது. வெள்ளிக்கிழமை கம்பத்தில் மொக்கம்மாளின் தம்பி தவசி மகளுக்குக் கல்யாணம். ராக்கையா கல்யாணத்தில் தவசி ஐந்நூற்றொன்று மொய் எழுதியிருந்தான். திருப்பிச் செய்யும்போது கூட்டித்தான் எழுத வேண்டும். வாங்கியதையே எழுதினால் உறவை முடித்துக்கொண்டதாக அர்த்தம். ஆயிரத்து ஐந்நூற்றொன்று எழுதுவதென்று நான் தீர்மானித்திருந்தேன்.

சுப்புத்தாய் மறித்தாள். முதலில் ஆறு மாதச் செலவைத் தபாலாபீசில் போடவேண்டும் என்றாள். மாதம் நானூறு வீதம் இரண்டாயிரத்து நானூறு. ராக்கையா குமுளிக்கு ஜீப் ஓட்டுகிறவன். மலைப்பாதையில் மண் சரிந்தால் அன்றோடு வருமானம் நிற்கும். மொக்கம்மாளுக்கோ வயிற்றில் கட்டி. எப்போது வேண்டுமானாலும் ஆபரேஷன் செய்ய நேரலாம், செலவு இரண்டாயிரத்துக்குக் குறையாது என்று மதுரை டாக்டர் சொல்லியிருந்தார்.

ஒரு மாதச் செலவு போதும் என்றேன். ஊரில் நான் எழுதிய மொய் நாலாயிரத்துக்கு மேல் நிற்கிறது, அதுதான் நமக்குச் சேமிப்பு என்று மொய் நோட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

“அந்த நோட்ட ஆஸ்பத்திரில நீட்டுனா கட்டில் குடுப்பாகளா மாமா?” என்றாள்.

ராக்கையா சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டான். மொக்கம்மாள் சிரிக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டே எழுந்தாள்.

“எனக்குன்னு ஒண்ணும் ஒதுக்க வேண்டாம். எம் பொறந்தவன் வாசல்ல என்னையத் தலகுனிய வச்சிராதீக.”

என்னால் உட்கார முடியவில்லை. பணத்தைப் பெட்டியில் வைத்தேன், மறுபடி எடுத்து மடியில் கட்டினேன். தெருமுனை வரை போனேன், திரும்பி வந்தேன். பிறகு நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்த அம்மாவாசிக்கு, அவன் மகள்கள் இருவர் கல்யாணத்திலும் நான் தாராளமாக எழுதியிருக்கிறேன். திடீரென்று ஓர் அவசரம் வந்தால் கொஞ்சம் புரளுமா என்று சுற்றி வளைத்துக் கேட்டேன்.

“அதுக்கென்னண்ணே, பத்திரிக குடுங்க, அன்னைக்கே எடுத்து வச்சிருதேன். என்ன விசேசம்? பேரனுக்குக் காதுகுத்தா?”

அவன் சொன்னதில் தப்பில்லை. நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். பந்தல் போட்டால்தான் மொய் திரும்பும். நோய்க்கு யாரும் பந்தல் போடுவதில்லை. கட்டியைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அது கைமாற்றுக் கேட்பதாகிவிடும். எங்கள் வீட்டார் யாரும் அடுத்தவன் கடை வாசலில் அப்படி நின்றதில்லை. பேரனுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தபாலாபீசை இரண்டு தடவை தாண்டிப் போனேன். ஆறு மாதம் அதிகம், மூன்று மாதம் போதும் என்று ஒரு தடவை. நாலு மாதம் என்று இன்னொரு தடவை. எந்தக் கணக்குப் போட்டாலும் டாக்டர் சொன்ன செலவுக்குக் குறைந்தது. மூன்றாம் தடவை உள்ளே போய் இரண்டாயிரத்து நானூறையும் கட்டினேன். மீதி அறுநூறில் வீட்டுச் செலவும் பஸ் செலவும் போக ஐந்நூற்றுச் சொச்சம்தான் மிஞ்சியது.

வெள்ளிக்கிழமை வரை மொக்கம்மாள் என்னோடு பேசவில்லை. கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவர் தலையை நிமிர்த்தி, ஐந்நூற்றொன்றுதானா என்று கேட்டார். ஆமாம், எழுதுங்கள் என்றேன். பக்கத்தில் நின்ற தவசி காதிலும் விழுந்தது. சாப்பிட்டுப் போங்க மச்சான் என்றான். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அதன்பிறகு அவன் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

வருஷம் ஒன்றாகிவிட்டது. கட்டி இன்னும் இருக்கிறது. தபாலாபீஸ் பணமும் எடுக்காமல் இருக்கிறது.

மாடு வாங்கியதில் தவசிக்கும் எனக்கும் தகராறு, அதனால்தான் மொய்யை முறித்தேன் என்று கம்பத்தில் பேசிக்கொள்கிறார்கள். நாங்கள் மாடே வாங்கவில்லை. தகராறும் கிடையாது. கூட்டி எழுத என்னிடம் பணம் இல்லை.