கடல் பக்கத்து ஜன்னல்

"வலது பக்கம் பாருங்க, சில்லாக் கோட்டை. இதப் பாக்காம போனா தெக்க வந்ததே தண்டம்!" என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் மைக்கில் அளந்துகொண்டிருந்தேன். படகு நிறைய ஜெர்மன்காரர்கள். எல்லோரும் செல்போனைத் தூக்கினார்கள். என் கண் மட்டும் கடிகாரத்தில் இருந்தது. இந்நேரம் என் மகள் நுன்ஸியா பெட்டியோடு பிளாட்பாரத்தில் தனியாக நிற்பாள்.

எங்கள் பக்கத்தில் ஒருத்தர் வடக்கே ரயிலேறினால் பெற்றவர்கள், அத்தை, மாமன், எதிர்வீட்டுக்காரி வரை பிளாட்பாரத்தில் நின்று அழுவார்கள். அழ ஆளில்லாமல் போகிறவன் ஒன்று அனாதை, இல்லை திருடன். என் மகளுக்குக் குத்துக்கல் மாதிரி அப்பனும் ஆத்தாளும் இருக்கிறோம்.

எல்லாம் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கும் இந்த மனுஷனால்தான். நிக்கோதேமோ, என் புருஷன். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். நுன்ஸியா படகு ஓட்ட லைசென்ஸ் வாங்கிவந்து நின்றாள். "பொட்டப்புள்ள ஓட்டுனா எவன் ஏறுவான்?" என்றான். அவள் லேசுப்பட்டவளா? "வடக்க தூரின் பட்டணத்துல டிராம் ஓட்டக் கூப்பிடுறாங்க. அங்க ஏறுவாங்க" என்றாள். அன்றோடு அப்பனுக்கும் மகளுக்கும் பேச்சு நின்றது. இன்றைக்கு வேண்டுமென்றே சவாரி ஒத்துக்கொண்டான். அவனும் போகமாட்டான், என்னையும் போகவிடமாட்டான். அவளும், "ஒருத்தரும் வர வேணாம்" என்று காலையில் கதவை அறைந்துவிட்டுப் போனாள்.

கியனலேயா என்ற மீனவக் குப்பம் வந்தது. தண்ணீருக்குள் கால் நனைத்து நிற்கும் வீடுகளைக் காட்டினேன். உயரக் கம்பத்தில் ஆள் நிற்கும் வாள்மீன் பிடிக்கும் படகைக் காட்டினேன். "அவ்வளவுதானா?" என்று ஒரு அம்மாள் கேட்டாள்.

"முக்கியமானதே இனிமேத்தான். பாறைக்கு அந்தாண்ட ஒரு குகை இருக்கு. அதப் பாக்காமப் போனா ஊருல சிரிப்பாங்க!"

நிக்கோதேமோ திரும்பினான். "அங்க என்னடி இருக்கு? ரயில் பொந்தும் சாக்கடையுந்தான்."

"ஓட்டுய்யா."

மைக்கை அணைக்க மறந்திருந்தேன். படகு முழுக்கக் கேட்டது. நல்லவேளை, அவர்களுக்கு எங்கள் பாஷை புரியாது. அவன் கடிகாரத்தைப் பார்த்தான். ஸ்டீரிங்கைத் திருப்பினான்.

ஒரு சுரங்கத்திலிருந்து வெளியே வந்து, கடலோரமாகக் கொஞ்ச தூரம் ஓடி, அடுத்த சுரங்கத்துக்குள் ரயில் நுழையும் இடம் அது. எதிரே போய் எஞ்சினை நிறுத்தினான். படகு ஆடியது. ஜெர்மன்காரர்கள் குகையைத் தேடினார்கள்.

"எந்தப் பக்கம் உக்காந்திருப்பா?" என்றான்.

அவள் பேச்சை அவன் எடுத்தே எத்தனை நாளாயிற்று! ஆனால் எனக்குப் பக்கென்றது. நான் இதை யோசிக்கவே இல்லையே. கடல் பக்கம் மத்தியான வெயில் மூஞ்சியில் அறையும். வெளியூர்க்காரன்தான் அங்கே உட்காருவான். நாங்கள் கடலைப் பார்க்கவா டிக்கெட் எடுக்கிறோம்?

"மலைப் பக்கந்தான். நம்ம ஊருப் புள்ளதானே" என்றேன்.

அதற்குள் ரயில் வந்துவிட்டது. வெயிலுக்குப் பயந்து எல்லா ஜன்னலிலும் திரையை இழுத்துவிட்டிருந்தார்கள். நான் பைத்தியக்காரி மாதிரி இரண்டு கையையும் ஆட்டினேன். இதுவும் சுற்றுலாவில் சேர்த்தி போலிருக்கிறது என்று ஜெர்மன்காரர்களும் எழுந்து ஆட்டினார்கள். "நுன்ஸியா!" என்று கத்தினேன். ரயில் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

அப்போதுதான் நிக்கோதேமோ ஹாரனை அழுத்தினான். நடுவில் ஏதோ ஒரு பெட்டியில் ஒரு திரை மேலே போனது போலிருந்தது. கண்ணாடியில் வெயில் பட்டுத் தெறித்ததில் முகம் தெரியவில்லை. கடைசிப் பெட்டியும் மலைக்குள் போய்விட்டது. கைகாட்டியவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்துவிட்டார்கள். காதைப் பொத்திக்கொண்டார்கள். அவன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.