பாலம் தாண்டினால் பிஸ்கட்

ஐந்து மணி நேரம் நாற்பது நிமிடம். லான்சிங்கிலிருந்து முனிசிங் வரை, நடுவில் இரண்டு முறை நிறுத்துவதையும் சேர்த்து. டேரலின் பிள்ளைகளை, இப்போது அவனோடு வாழும் டெல்லா தனியாகக் கூட்டிப்போவது இதுதான் முதல் தடவை.

பேய் வேஷம் போடும் ஹாலோவீன் திருநாளுக்குப் பிள்ளைகள் அம்மாவிடம் இருக்க வேண்டும் என்பது விவாகரத்தின்போதே செய்த ஏற்பாடு. டேரலுக்கு அன்று ஆலையில் வேலை. "டெல்லா கொண்டுவந்து விடுவா" என்று அவன் போனில் பிள்ளைகளின் அம்மா பெத்தனியிடம் சொன்னான். "ஊசி எங்க இருக்கும்னு அவங்களுக்குத் தெரியுமா?" என்று மட்டும் அவள் கேட்டாள்.

ஊசி ஃப்ரீடாவுக்கு. ஏழு வயது. வேர்க்கடலை அவளுக்கு ஆகாது. துளி உள்ளே போனாலும் தொண்டை வீங்கிவிடும்; அந்த ஊசியைத் தொடையில் குத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அதனால் வழியில் எதையும் வாங்கித் தருவதில்லை. எல்லாம் வீட்டில் செய்து எடுத்துப் போக வேண்டும்.

டெல்லா இரண்டு நாளாகச் செய்தாள். காரில் உருகாதது, கொட்டாதது, குமட்டாதது என்று யோசித்து யோசித்துச் செய்தாள். ஆரஞ்சுச் சுளைகளைச் சின்ன டப்பாக்களில் அடைத்து மூடியில் பூசணி முகம் வரைந்தாள். சீஸ் குச்சிகளின் உறையில் பேய்க் கண்கள். ஆப்பிள் துண்டுகளில் பல் செதுக்கி, கறுக்காமல் இருக்க எலுமிச்சைச் சாறு தடவினாள். கடைசியாகச் சூனியக்காரி பிஸ்கட். அது பெத்தனியின் பிஸ்கட். சூரியகாந்தி விதை வெண்ணெயும் சமையல் சோடாவும் சேர்ந்தால், சுட்டு ஆறிய பிறகு பிஸ்கட்டின் உள்பக்கம் தானாகப் பச்சையாகும். சாயம் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு வருடமும் அம்மா செய்வாள் என்று ஃப்ரீடா சொல்லியிருந்தாள். வழியில் வரும் மேக்கினா பாலம் தாண்டிய பிறகுதான் டப்பாவைத் திறக்க வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம்.

காலையில் டெல்லா ஒன்றை உடைத்துப் பார்த்தாள். பாசி மாதிரிப் பச்சை. சமையலறையில் தனியாக நின்று சிரித்தாள்.

கார் கிளம்பி ஒரு மணி நேரம் வரை அந்தச் சந்தோஷம் இருந்தது.

"குண்டு சூனியக்காரி" என்றான் எம்மெட். ஃப்ரீடாவின் அண்ணன், பத்து வயது, எலும்புக்கூடு வேஷம். ஃப்ரீடா பனிக்கோட்டுக்கு மேலேயே கறுப்பு அங்கியை மாட்டியிருந்தாள்.

"நீ எலும்புக்கூடு. உனக்கு வயித்துக்குள்ளயும் ஒண்ணும் இல்ல, மண்டைக்குள்ளயும் ஒண்ணும் இல்ல."

"அப்ப உன் சீஸையும் நானே தின்னுடறேன். எப்படியும் கீழ கொட்டிடும்."

"டெல்லா! இவனப் பாரு!"

டெல்லா கண்ணாடியில் அவர்களைப் பார்த்தாள். அந்த நேரத்தில்தான், எதையும் நினைக்காமல் இருந்தபோது, அந்தக் கரண்டி ஞாபகம் வந்தது.

காலையில் பாத்திரம் கழுவும் இயந்திரத்தை நிரப்பும்போது ஜன்னல் ஓரத்தில் ஒரு கரண்டி கிடந்தது. காய்ந்து, சுத்தமாக. இரண்டாவது ஈடு மாவுக்கென்று அவள் முந்தின நாள் மாலை எடுத்து வைத்தது. அதை அவள் தொடவே இல்லை என்றால், மாவில் விட்டது எந்தக் கரண்டி?

அவளிடம் ஒரு ஜாடி இருந்தது. பீநட் பட்டர், அதாவது வேர்க்கடலை வெண்ணெய். துணி துவைக்கும் அறையில், சோப்புத்தூள் பெட்டிகளுக்குப் பின்னால். அந்த வீட்டுக்கு வந்த நாளில் டேரல் கேட்டது ஒன்றைத்தான்: வேர்க்கடலை வீட்டுக்குள் வரக் கூடாது. அவனுக்கு எதிரிலேயே தன்னிடம் இருந்த ஜாடிகளைக் குப்பையில் போட்டாள். ஒரு மாதம் கழித்துப் புதிதாக ஒன்று வாங்கினாள். ஏன் என்று அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. அந்த வீட்டில் எல்லாம் மற்றவர்களுடையதாக இருந்தது. அது ஒன்று அவளுடையது. பிள்ளைகள் இல்லாத நேரத்தில் நின்றபடியே ஒரு கரண்டி. பிறகு கையையும் வாயையும் கழுவிவிடுவாள். எப்போதும் கழுவிவிடுவாள். நேற்று மாலை ஃப்ரீடா குளித்துக்கொண்டிருந்தாள். முதல் ஈடு அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. கரண்டியோடு சமையலறைக்குத் திரும்பி வந்தது ஞாபகம் இருக்கிறது. கழுவியது ஞாபகம் இல்லை.

"யாராவது பிஸ்கட் ருசி பாத்தீங்களா?" என்று கேட்டாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"பாலம் தாண்டலையே இன்னும்" என்றாள் ஃப்ரீடா, இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

பாலம் வர அதற்கு மேல் இரண்டரை மணி நேரம் இருந்தது, சொல்வதற்கு. டெல்லா வார்த்தைகளை அடுக்கிப் பார்த்தாள். சொன்னால் டேரலுக்குப் போகும், பெத்தனிக்குப் போகும். இனி யாரும் இந்தப் பிள்ளைகளை அவளோடு கடைக்குக்கூட அனுப்ப மாட்டார்கள். சொல்லாமலே பிஸ்கட்டைத் தூக்கிப் போட்டுவிட்டால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. இரண்டாவது வழியில் யாருக்கும் நஷ்டம் இல்லை என்று தோன்றியது.

பாலத்தில் காற்று காரைத் தள்ளியது. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கோபுரங்களை எண்ணினார்கள். அக்கரையில் முதல் பெட்ரோல் நிலையத்தில் டெல்லா நிறுத்தினாள். பிள்ளைகள் இறங்குவதற்குள் டப்பாவை எடுத்தாள். திறந்து முகர்ந்தாள்.

"ஐயோ. கெட்டுப்போச்சு போலிருக்கே."

"பிஸ்கட் எப்படிக் கெடும்?" என்றான் எம்மெட்.

"முட்டை சரியில்ல. வாசனை வருது."

"எங்க, நான் பாக்கறேன்."

"வேணாம்."

குப்பைத்தொட்டியில் அவை விழுந்தபோது ஃப்ரீடா வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு போய் ஆரஞ்சு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, மூடியைத் திறக்காமல் உட்கார்ந்தாள்.

"பச்சையா வந்துச்சா?" என்று கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள்.

"வந்துச்சு கண்ணு."

"அம்மாது மாதிரியா?"

"அதுக்குத்தான் தூக்கிப் போட்டுட்டாங்க" என்றான் எம்மெட் ஜன்னலைப் பார்த்தபடி. "அம்மாது மாதிரி இருந்தா இவங்களுக்குப் பிடிக்காது."

அவன் அப்படி நினைப்பது டெல்லாவுக்கு வசதியாகக்கூட இருந்தது. அதன் பிறகு கண்ணாடியில் அவர்களைப் பார்க்காமலே ஓட்டினாள். சீனி என்ற ஊரைத் தாண்டி வளைவே இல்லாத அந்த நீளச் சாலையில் பனி விழத் தொடங்கியது.

முனிசிங்கில் பெத்தனி வாசலிலேயே நின்றிருந்தாள். தலையில் பூனைக் காது. ஃப்ரீடா பனியில் சறுக்கிக்கொண்டே ஓடினாள்.

"அம்மா! உனக்கு ஒண்ணு கொண்டு வந்திருக்கேன்! கெட்டுப்போறதுக்கு முன்னாடியே காலையிலயே எடுத்து வச்சிட்டேன்!"

கோட்டுப் பையிலிருந்து ஒரு காகிதக் கைக்குட்டை வெளியே வந்தது. உள்ளே இரண்டு பிஸ்கட்.

பெத்தனி ஒன்றை உடைத்தாள். பச்சையைப் பார்த்தாள். நிமிர்ந்து டெல்லாவைப் பார்த்தாள். அந்த முகத்தில் டெல்லா இதுவரை பார்க்காத ஒன்று இருந்தது.

"உங்களுக்கு வந்துடுச்சே! முதல் தடவை நான் மூணு ஈடு சொதப்பினேன், தெரியுமா? அத்தனையும் சாம்பல் கலரு. நாய்கூடத் திங்கல."

"பெத்தனி, அது..."

"இல்ல, நான் சொல்லிடறேன். இவள உங்ககூட அனுப்பறதுக்கு எனக்கு மனசே இல்ல. நேத்து ராத்திரி பூரா டேரலத் திட்டினேன். நீங்க இவ்வளவு மெனக்கெட்டிருக்கீங்க. தப்பா நினைச்சுக்காதீங்க." பாதியை ஃப்ரீடாவின் பக்கம் நீட்டினாள். "இந்தாடி, பாலம் தாண்டியாச்சில்ல."

"குடுக்காதீங்க" என்றாள் டெல்லா.

"கெட்டுப்போச்சுன்னு சொன்னாங்கம்மா" என்றான் எம்மெட், பையை இழுத்துக்கொண்டே.

பெத்தனி முகர்ந்தாள். "நல்லாத்தானே இருக்கு. பதறிட்டீங்களா? நானும் அப்படித்தான், எல்லாத்துக்கும் பதறுவேன்." சிரித்தாள். நட்பான சிரிப்பு. இன்னொரு முறை முட்டை என்று சொன்னால் போதும், இவள் நம்பிவிடுவாள். நம்பிய பிறகும் இப்படியே சிரிப்பாள்.

ஃப்ரீடா கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றி, வெறுங்கையை நீட்டினாள்.

டெல்லா குழந்தைக்கும் அந்தத் துண்டுக்கும் நடுவே வந்து நின்றாள்.

"முட்டை இல்ல. நான் பொய் சொன்னேன். வீட்டுல பீநட் பட்டர் இருக்கு, பெத்தனி. என்னோடது. டேரலுக்குத் தெரியாம ஒளிச்சு வச்சிருக்கேன். அதுல போட்ட கரண்டியத்தான் இந்த மாவுலயும் போட்டிருக்கேன்."